தேன்மொழியை உட்கார வைத்த கதை

தேன்மொழிக்கு அந்த ஸ்டூலைக் கண்டாலே ஆகாது. அதன் மேல் உட்கார்ந்திருந்த ஜாஸ்மினைக் கண்டால் இன்னும் ஆகாது. ஸ்டூலில் அப்படி ஒன்றும் விசேஷம் கிடையாது. பழைய மர ஸ்டூல், ஒரு கால் குட்டை, ஆடாமல் இருக்க அடியில் அட்டையை மடித்து வைத்திருந்தார்கள். வருஷக்கணக்காகக் கடையின் மூலையில் தண்ணீர் கேனைச் சுமந்துகொண்டு கிடந்த சாமான் அது. அதற்குப் போய் ஒரு மனுஷிக்கு வயிறு எரியுமா என்று கேட்டால், எரியும். நாள் முழுக்க நிற்கிறவளாக இருந்தால் நன்றாகவே எரியும்.

செம்மேடு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள ஜவுளிக்கடையில் தேன்மொழிதான் பழைய ஆள். முதலாளி ஈஸ்வரமூர்த்திக்குக் காளப்பநாயக்கன்பட்டி. காலையில் கீழேயிருந்து பஸ்ஸில் வளைவெல்லாம் ஏறி வந்து கடை திறப்பார், பொழுது சாய இறங்கிவிடுவார். மலை ஜனத்துக்குச் சேலை, வேட்டி, பள்ளிக்கூடத்துச் சீருடை. அருவி பார்க்க வந்து குளிரில் நடுங்குகிற வெளியூர்க்காரர்களுக்கு ஸ்வெட்டரும் குல்லாவும். யாருக்கு எது வேண்டும் என்று அவர்கள் வாய் திறக்குமுன் தேன்மொழி எடுத்துப் போட்டுவிடுவாள்.

மலையில் நாலைந்து ஊர் சேர்ந்தால் அது ஒரு நாடு. ஆலத்தூர் நாட்டில் வேல்முருகனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த மறு வருஷமே அவள் இந்த வேலையில் சேர்ந்துவிட்டாள். வேல்முருகனுக்குக் கொஞ்சம் மிளகுக் கொடி, கொஞ்சம் குச்சிக்கிழங்கு, சாமை விதைக்க ஒரு சரிவு. காட்டு வேலை அவளுக்கும் தெரியும். ஆனால் காட்டில் அவள் வேல்முருகன் பெண்டாட்டி. கடையில் அவள் தேன்மொழி. எந்த ஊர்க்காரி வந்தாலும் முதலாளியைக்கூடப் பார்க்காமல் "தேனு இருக்குதா?" என்று கேட்டுக்கொண்டுதான் படியேறுவாள். அந்த ஒரு கேள்விக்காகவே அவள் தினமும் மினி பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு வந்தாள் என்று சொன்னாலும் தப்பில்லை.

வேலையில் சேர்ந்த அன்றைக்கே ஈஸ்வரமூர்த்தி ஒரு சட்டம் சொன்னார்.

"இங்க பாரு புள்ள. எல்லாஞ் செரி, ஆனா கடைக்குள்ள உக்காரக் கூடாது. விக்கற ஆளு உக்காந்தா வியாபாரமும் உக்காந்துரும்."

இதை அவர் கல்லாவில், மெத்தை போட்ட நாற்காலியில் சாய்ந்துகொண்டுதான் சொன்னார். அவர் உட்கார்ந்தால் மட்டும் வியாபாரம் எப்படி நிமிர்ந்து நின்றதோ, அதை யாரும் கேட்டதில்லை. தேன்மொழியும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததோடு விட்டாளா? நிற்பதையே ஒரு பெருமையாக்கிக்கொண்டாள். "நாள் பூரா நிக்கிறீங்களே, கால் வலிக்காதா?" என்று வெளியூர்க்காரி யாராவது கேட்டால், "நம்முது மலைக்காலுங்க" என்பாள். சாயங்காலம் வீட்டுக்குப் போய் அந்த மலைக்காலைச் சுவரில் தூக்கி வைத்துக்கொண்டு படுப்பாள். கெண்டைக்காலில் நரம்பு பச்சைப் பச்சையாகச் சுருட்டிக்கொண்டிருக்கும். அது வெளியூர்க்காரிக்குத் தெரிய வேண்டியதில்லை.

இப்படி இருந்த கடைக்குத்தான் ஜாஸ்மின் வந்தாள். புருஷன் ஆல்பர்ட் அரசுப் பள்ளி ஆசிரியர். திண்டுக்கல் பக்கத்திலிருந்து மாற்றலாகி மலைக்கு வந்தவர். வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை, கல்யாணத்துக்கு முன் திருச்சியில் பெரிய ஜவுளிக்கடையில் வேலை பார்த்த பழக்கம் உண்டு என்று அவளே வந்து கேட்டாள். ஈஸ்வரமூர்த்தி உடனே சேர்த்துக்கொண்டார். தேன்மொழி அவளுக்கு அலமாரியெல்லாம் காட்டிக் கொடுத்தாள். அதுவரைக்கும் ஒரு வம்பும் இல்லை.

வந்த வாரமே, மத்தியானம் கூட்டம் ஓய்ந்த நேரத்தில், ஜாஸ்மின் கல்லாப் பக்கம் திரும்பி வெகு சாதாரணமாகக் கேட்டாள்: "அண்ணே, உக்கார ஏதாச்சும் இருக்கா?"

தேன்மொழி கையிலிருந்த சேலையை மடிக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு, முதலாளி இவளை என்ன சொல்லித் துரத்தப் போகிறார் என்று பார்த்தாள்.

"உக்காரவா?" என்றார் ஈஸ்வரமூர்த்தி.

"ஆமாண்ணே. திருச்சியில எங்க கடையிலகூட முன்னாடி விடமாட்டாங்க. அப்புறம் அதுக்குச் சட்டமே வந்திருச்சுல்ல, ஆளுக்கு ஒரு ஸ்டூல் போட்டுட்டாங்க."

வாத்தியார் வீட்டு அம்மாவிடம் சட்டம் பேச ஈஸ்வரமூர்த்திக்குத் தெம்பில்லை. மூலையைப் பார்த்தார். "அந்தக் கேனை எறக்கி வெச்சுட்டு அதை எடுத்துக்கோங்க" என்றார்.

தண்ணீர் கேன் தரைக்கு வந்தது. ஜாஸ்மின் ஸ்டூலுக்குப் போனாள். அன்று முதல் தேன்மொழி தண்ணீர் குடிக்க வேண்டுமென்றால் குனிய வேண்டும். ஒவ்வொரு தடவை குனியும்போதும் அவள் கண்ணுக்கு நேரே ஜாஸ்மினின் கால்கள், ஒன்றன் மேல் ஒன்று போட்டபடி, சொகுசாக ஆடிக்கொண்டிருக்கும்.

அதைவிடப் பெரிய எரிச்சல் ஒன்று இருந்தது. முதலாளி தேன்மொழியை "வா புள்ள", "எடு புள்ள" என்பார். ஜாஸ்மினை "ஏனுங்க, அந்தக் கம்பளியை எடுக்கறீங்களா?" என்பார். இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு 'ங்க' அவள் பக்கம் வந்ததில்லை. அவளும் எதிர்பார்த்ததில்லை. ஆனால் பக்கத்தில் நிற்கிறவளுக்கு, நிற்கிறவளுக்கா, உட்கார்ந்திருப்பவளுக்கு, அது தாராளமாகக் கொட்டும்போது காதில் விழாமல் எப்படி இருக்கும்?

சரி, வியாபாரம் உட்காரட்டும், அப்போது தெரியும் என்று காத்திருந்தாள். வியாபாரம் உட்காரவில்லை. கார்த்திகை குளிரில் ஸ்வெட்டர் அதுபாட்டுக்கு விற்றது. ஆலத்தூர் நாட்டுப் பொன்னம்மாள், தேன்மொழி கை காட்டாமல் ஒரு கைக்குட்டைகூட எடுக்காதவள், ஒருநாள் நேராக ஜாஸ்மினிடம் போய் "டீச்சரூட்டம்மா, எனக்கொரு நல்ல சீலையா நீங்களே எடுத்துக் குடுங்க" என்றாள். அன்று மத்தியானம் தேன்மொழிக்குச் சோறு இறங்கவில்லை.

ஜாஸ்மின் கெட்டவளாக இருந்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அந்த உபகாரத்தைக்கூட அவள் செய்யவில்லை. தேன்மொழி காலையில் முதல் வேலையாகக் கம்பளி மூட்டையைத் தூக்கி ஸ்டூலின் மேல் வைத்துவிடுவாள். ஜாஸ்மின் சிரித்துக்கொண்டே அதை இறக்கி வைத்துவிட்டு, "அக்கா, நீங்க கொஞ்ச நேரம் உக்காருங்க, நான் நிக்கிறேன்" என்பாள்.

"நமக்குப் பழக்கமில்லீங்க" என்பாள் தேன்மொழி. இவள் தூக்கிப் போட்டு நான் உட்கார வேண்டுமா?

இந்த இடத்தில் வேல்முருகனின் அண்ணன் சின்னுசாமியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அவர் நாமக்கல்லில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். கண் மங்கிவிட்டது என்று லாரிக்காரர் அவரை வண்டியிலிருந்து இறக்கிவிட்டார். "உக்கார வெச்சுட்டாங்க" என்றுதான் இந்தப் பக்கத்தில் அதைச் சொல்வார்கள். வேலையை விட்டு நிறுத்தினால் அது உட்கார வைப்பது. சின்னுசாமி மலைக்குத் திரும்பி, சாராயக் கண்ணோடு பஸ் நிழற்குடையில் உட்கார்ந்தே இருந்தார். அவரைத் தாண்டித்தான் தேன்மொழி தினமும் மினி பஸ் ஏறுவாள்.

மார்கழி பிறந்த சமயம். தேன்மொழி உள்ளறையில் புது மூட்டை பிரித்துக்கொண்டிருந்தாள். வெளியே ஈஸ்வரமூர்த்தி தன் சம்சாரத்திடம் போனில் பேசிக்கொண்டிருந்தது அரைகுறையாகக் காதில் விழுந்தது.

"ஆமாமா, தை பொறந்தா முடிவு பண்ணிக்கலாம்... இல்ல, தேன்மொழியத்தான். அந்தப் புள்ளைய உக்கார வெச்சிரலாம்னு இருக்கறேன்... அதெல்லாம் ஒண்ணுஞ் சொல்லாது, வாயில்லாத புள்ள."

பஸ் நிழற்குடையும் சின்னுசாமியும் அவள் கண் முன்னால் வந்து நின்றார்கள். கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை. அப்படியென்றால் தையிலிருந்து கடைக்கு ஜாஸ்மின் மட்டும்தான். படியேறி வருகிறவர்கள் "டீச்சரம்மா இருக்கறாங்களா?" என்றுதான் கேட்பார்கள்.

சாயங்காலம் வேல்முருகனிடம் சொன்னாள். அவன் மிளகுக் கொடிக்குத் தாங்கு கட்டிக்கொண்டே, "உக்கார வெச்சா வெச்சுட்டுப் போறாரு. நம்ம காட்டுல வேலையா இல்ல?" என்றான். நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். அவள் மூன்று நாள் அவனோடு பேசவில்லை.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஜாஸ்மின் புருஷனோடு திண்டுக்கல் போனாள். அவள் போன மறுநாள் காலை தேன்மொழி கடைக்குள் நுழைந்ததும் முதல் வேலையாகத் தண்ணீர் கேனை இரண்டு கையாலும் தூக்கி, ஸ்டூலின் மேல் நச்சென்று வைத்தாள். தன் இடத்துக்கு வந்து சேர்ந்த சாமானைப் பார்ப்பதுபோல் கேனைப் பார்த்தாள். மனசுக்குக் கொஞ்சம் இதமாக இருந்தது.

பதினோரு மணி வாக்கில் ஒரு பெண்மணி படியேறினாள். பருத்திச் சேலை, தோளில் பை. சேலை எடுக்க வந்தவள் என்று தேன்மொழி சிரித்துக்கொண்டே முன்னால் போனாள்.

"வணக்கம். நான் மைதிலி. நாமக்கல்லுல இருந்து வர்றேன், தொழிலாளர் துறை."

ஈஸ்வரமூர்த்தி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். அவர் கடையில் எழுந்து நின்று அன்றுதான் தேன்மொழி பார்த்தாள். வார விடுமுறை உண்டா, குடிதண்ணீர் உண்டா என்று அந்தம்மா வரிசையாகக் கேட்க, அவர் எல்லாவற்றுக்கும் "உண்டுங்க மேடம்" போட்டார். பிறகு அந்தம்மா தேன்மொழி பக்கம் திரும்பினாள்.

"நீங்கதான் பழைய ஆளா? பயப்படாம சொல்லுங்க. கூட்டம் இல்லாதப்ப உங்களை உக்கார வைக்கிறாரா?"

'உக்கார வைக்கிறாரா' என்பது மட்டும்தான் தேன்மொழி காதில் விழுந்தது. விஷயம் நாமக்கல் வரைக்கும் போய்விட்டதா? ஆனால் மறு நிமிஷமே ஒரு யோசனை வந்தது. அதிகாரி முன்னால் முதலாளியை வாய் நிறையப் புகழ்ந்துவிட்டால், அப்புறம் எந்த முகத்தோடு தை மாசம் தன்னை நிறுத்துவார்?

"ஐயோ, அப்படிச் சொல்லிப்போடாதீங்க மேடம்! எங்க முதலாளி அந்த மாதிரி ஆளே கெடையாதுங்க. நான் வந்த நாள்ல இருந்து ஒருக்காக்கூட என்னைய உக்கார வெச்சதில்லீங்க. ஆடி மழையில ஈ ஓட்டிட்டு இருப்போமுங்க, அப்பக்கூட உக்கார வெச்சதில்லீங்க. நெறமாசமா இருந்தப்பக்கூட உக்கார வெக்கலீங்க. இனியும் உக்கார வெக்க மாட்டாருங்க. அப்படித்தானுங்க முதலாளி?"

ஈஸ்வரமூர்த்தியின் முகம் போன போக்கைப் பார்த்து, அவர் உருகிப் போய்விட்டார் என்றே அவள் நினைத்தாள்.

"ஏ புள்ள!" என்றார் அவர். குரல் கீச்சென்று வந்தது. "மேடம், இது ஏதோ உளறுதுங்க. ஸ்டூல் இருக்குதுங்க மேடம், உக்காரத்தான் போட்டிருக்குது, அதா பாருங்க!"

அந்தம்மா திரும்பிப் பார்த்தாள். ஸ்டூலின் மேல் தண்ணீர் கேன் கம்பீரமாக உட்கார்ந்திருந்தது.

"இது உக்காரவா?" என்று தேன்மொழியைக் கேட்டாள்.

"அது தண்ணிக் கேனுக்குங்க. எப்பவும் அதுக்குத்தானுங்க" என்றாள் தேன்மொழி. முதலில் சொன்னது தெரியாமல் சொன்னது. இது அப்படியில்லை. இது சுத்தமான வயிற்றெரிச்சல்.

மைதிலி சிரிக்கவில்லை. நிதானமாகச் சொன்னாள். கடைகளில் வேலை செய்கிறவர்கள் நாள் பூராவும் நிற்கக் கூடாது, வேலைக்கு நடுவே முடிந்தபோது உட்கார ஆளுக்கு ஓர் இருக்கை முதலாளி போட்டே ஆக வேண்டும், தமிழ்நாட்டில் இதற்குச் சட்டம் வந்து சில வருஷம் ஆகிறது என்றாள்.

"மலை மேலயுங்களா?" என்றார் ஈஸ்வரமூர்த்தி.

"மலையும் தமிழ்நாட்டுலதானுங்க இருக்கு. அடுத்த தடவை வரும்போது ஆளுக்கொரு சேர் இருக்கணும். இல்லைன்னா நோட்டீஸ் வரும்." போகும்போது தேன்மொழியின் காலைப் பார்த்தாள். "டாக்டர்கிட்டக் காட்டுங்கம்மா" என்றாள்.

அப்போதுதான் தேன்மொழிக்கு எந்த உட்காருதல் என்பது விளங்கிற்று. அதற்குள் முதலாளி வெடித்துவிட்டார்.

"உன்னையப் போயி உக்கார வெக்கோணும்னு நெனச்சேன் பாரு, என்னையச் சொல்லோணும்!"

"தெரியுமுங்க" என்றாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "போன்ல சொன்னதைக் கேட்டனுங்க. தை பொறந்தா என்னைய உக்கார வெச்சுட்டு அவங்களை மட்டும் வெச்சுக்கப் போறீங்க. நான் என்னங்க குத்தம் பண்ணுனேன்?"

ஈஸ்வரமூர்த்தி தலையில் அடித்துக்கொண்டார். "கல்லாவுல, புள்ள" என்றார். "கீழ ஊர்ல இன்னொரு கடை போடறேன். தையில இருந்து நான் அங்க இருக்கோணும். இங்க கல்லாவுல உன்னைய உக்கார வெக்கலாம்னுதான் சொன்னேன்." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "இனி அதுக்கு வேற ஆளைப் பாத்துக்கறேன்."

அதற்குப் பிறகு வந்த நாட்களில் தேன்மொழி ஒரு புதுப் பொறாமையில் வெந்தாள். ஜாஸ்மின் மேல் இல்லை. முதலாளியின் நினைப்பில் ஒரு தேன்மொழி இருந்தாளே, மெத்தை நாற்காலியில் சாய்ந்துகொண்டு, சாவி இடுப்பில் தொங்க, அந்தத் தேன்மொழி மேல். அத்தனை நாளும் அவள் அங்கே ஜம்மென்று உட்கார்ந்திருந்திருக்கிறாள். அது தெரியாமல் இவள் ஒரு ஓட்டை ஸ்டூலைப் பார்த்துப் பொருமிக்கொண்டிருந்திருக்கிறாள்.

புது வருஷத்தில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் பஸ் கூரையில் ஏறி வந்து இறங்கின. சாயவும் செய்யலாம். ஈஸ்வரமூர்த்தி ஒன்றைத் தேன்மொழி பக்கம் காலால் தள்ளி, "உக்காரு. இல்லாட்டி உன்ற மேடத்துக்குப் பதில் சொல்ல என்னால ஆகாது" என்றார். உட்கார்ந்தாள். கால் வலி நின்றது. ஆனால் அன்றைக்கே, திண்டுக்கல்லிலிருந்து திரும்பியிருந்த ஜாஸ்மினிடம் அவர் கேட்டார்: "ஏனுங்க, தையில இருந்து கல்லாவை நீங்க பாத்துக்கறீங்களா?"

"எனக்கென்னண்ணே, பாத்துக்கிறேன்" என்றாள் ஜாஸ்மின். முகம் மலர்ந்துவிட்டது. மத்தியானமே ஊருக்குப் போன் போட்டு அம்மாவிடம் சொன்னாள். சொன்னதெல்லாம் தேன்மொழி காதில் விழுந்தது.

புது நாற்காலியில் உட்கார்ந்து தேன்மொழி யோசித்தாள். ஸ்டூல் இவளுக்கு எப்படிக் கிடைத்தது? கேட்டாள், கிடைத்தது. வாத்தியார் சம்பளம் வீட்டுக்கு வருகிறது, போனால் போகிறது என்று கேட்கிற தைரியம் வந்திருக்கும். எனக்கு வரவில்லை. இத்தனை நாள் நான் பொறாமைப்பட்டது அந்த ஸ்டூலைப் பார்த்தா? அந்த வாயைப் பார்த்துத்தான். வாயில்லாத புள்ள என்று முதலாளி போனில் சொன்னது மறுபடி ஞாபகம் வந்து சுட்டது.

பொங்கல் கழிந்து கடை திறந்த காலை. ஈஸ்வரமூர்த்தி சாவிக்கொத்தைக் கையில் எடுத்து, "வாங்க டீச்சரம்மா" என்றார். கடையில் பொன்னம்மாளும் இன்னும் இரண்டு பேரும் இருந்தார்கள். தேன்மொழி எழுந்தாள்.

"முதலாளி, ஒண்ணு கேக்கோணுமுங்க."

"சேரு வந்திருச்சல்ல? இன்னும் என்ன?"

"சேரு சட்டத்துல இருக்குதுங்க, குடுத்தீங்க. கல்லா சட்டத்துல இல்லீங்க. நீங்களா நெனச்சது. என்ற வேலையைப் பாத்து நெனச்சது. அதனாலதானுங்க கேக்கறேன். என்னைய உக்கார வெக்கறேன்னு சொன்னீங்கல்ல, உக்கார வையுங்க."

"அந்த மேடத்துக்கு முன்னால என்னைய மாட்டிவுட்டயே, அப்ப எங்க போச்சு இந்த வாயி?"

"ஒருக்காக்கூட என்னைய உக்கார வெச்சதில்லைன்னு சொன்னனுங்க. எப்படிப் பாத்தாலும் நெசந்தானுங்களே?"

பொன்னம்மாள் களுக்கென்று சிரித்துவிட்டாள். "தேனு சொல்றது செரிதானுங்க. மலைச்சனம் இந்தக் கடைப் படி ஏறுறதே அதைப் பாத்துத்தானுங்க" என்றாள். ஒரு சேலைக்காகக் கட்சி மாறியவள், நல்ல நேரத்தில் திரும்பி வந்து சேர்ந்தாள்.

ஈஸ்வரமூர்த்தி சாவியையும் ஜாஸ்மினையும் மாறி மாறிப் பார்த்தார். உதட்டோரத்தில் சிரிப்பு வந்ததை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. தோளிலிருந்த துண்டை எடுத்து நாற்காலி மெத்தையை ஒரு தட்டு தட்டினார்.

"உக்காருங்க" என்றார்.

கிண்டலுக்குச் சொன்னாரோ, வாய் தவறி வந்ததோ, அவருக்கே வெளிச்சம். தேன்மொழி அந்த 'ங்க'வைத் திருப்பிக் கொடுக்கவில்லை. போய் உட்கார்ந்தாள். அங்கிருந்து பார்த்தால் கடை முழுக்கத் தெரிந்தது. பிளாஸ்டிக் நாற்காலியில் ஜாஸ்மின் ஒரு கம்பளியை மடித்து, பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். உதடு இறுகி, கண் கல்லாப் பக்கமே வராமல் இருந்தது. அந்த முகத்தைத் தேன்மொழிக்கு நன்றாகத் தெரியும். கார்த்திகை முழுக்க அதைத் தான்தான் போட்டுக்கொண்டு திரிந்தாள்.

"டீச்சரூட்டம்மா" என்று கூப்பிட்டாள். "வேணும்னா நடுவுல கொஞ்ச நேரம் நீங்க இங்க வந்து உக்காருங்க, நான் நிக்கறேன்."

"வேண்டாம்க்கா. எனக்குப் பழக்கமில்ல" என்றாள் ஜாஸ்மின், தலையை நிமிர்த்தாமல்.

அன்று மத்தியானம் தேன்மொழி சோற்றுப் பாத்திரத்தைத் துளி மிச்சமில்லாமல் வழித்துச் சாப்பிட்டாள்.